எல்லாப் படமும் செவ்வாய்க்கிழமை எடுத்ததா? எக்ஸிஃப்டூலோடு நான்கு வருடம்

போன வாரம் நண்பன் ஒருவன் பதறிப்போய் அழைத்தான். பேட்டரி உப்பிவிட்டதென்று போனை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறான். கொடுப்பதற்கு முன் கேபிளைச் செருகி, இருந்த ஆறாயிரம் போட்டோவையும் லேப்டாப்பில் காப்பி செய்துவிட்டான். போன் உள்ளே எல்லாம் அழிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. அதன் பிறகுதான் லேப்டாப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். "எல்லாப் படமும் செவ்வாய்க்கிழமை எடுத்ததுன்னு காட்டுதுடா. பாப்பா பிறந்ததுகூட செவ்வாய்க்கிழமைன்னு இருக்கு. ஏதாவது செய்ய முடியுமா?"

முடியும். நான்கு வருடத்துக்கு முன்பு நானும் இதே நிலைமையில் இருந்தேன். அன்றிலிருந்து எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். அவனிடம் அவசரமாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

அன்று நான் காப்பி செய்தது 11,400 படங்கள், எட்டு வருடத்துச் சேமிப்பு. முடிந்ததும் ஃபோல்டரைத் தேதிவாரியாக அடுக்கினேன். மாலை 7:42, 7:42, 7:42, 7:43 என்று பட்டியல் கீழே போய்க்கொண்டே இருந்தது. மகள் தவழ்ந்ததும் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்றதும் ஒரே நிமிடத்தில் நடந்ததுபோல் அடுத்தடுத்து இருந்தன. அதற்குள் போனிலிருந்தும் படங்களை அழித்துவிட்டிருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். கேபிளில் இணைத்தால் இப்போதைய ஆண்ட்ராய்டு போன் பென் டிரைவ் மாதிரி நடந்துகொள்வதில்லை. எம்டிபி என்ற முறையில் கணினி ஒவ்வொரு படமாகக் கேட்டு வாங்கி, தன் பக்கம் புது ஃபைலாக எழுதிக்கொள்கிறது. ஃபைலின் பழைய தேதியைத் திரும்பப் பதிவது காப்பி செய்யும் மென்பொருளின் வேலை. சில மென்பொருள்கள் அதைச் செய்கின்றன. சில அந்த நிமிடத்தின் தேதியைப் போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. நல்லவேளையாக, கேமரா எழுதிய தேதி படத்துக்குள்ளேயே தனியாக இருக்கிறது. எக்ஸிஃப் என்று அதற்குப் பெயர். 1995இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட தரம். வெளித்தேதி, அதாவது ஃபோல்டரில் தெரியும் 'மாற்றிய தேதி', எத்தனை முறை மாறினாலும் காப்பி செய்வதால் உள்தேதிக்கு ஒன்றும் ஆகாது.

எக்ஸிஃப்டூல் அந்த உள்தேதியைப் படிக்கும், எழுதும், வெளியேயும் கொண்டுவந்து வைக்கும். ஃபில் ஹார்வி என்பவர் 2003இல் தொடங்கியது, இலவசம். பொத்தான், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். "இந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும், எடுத்த தேதியை ஃபைலின் மாற்றிய தேதியாக வை" என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். முதலில் ஐம்பது படங்களைத் தனியாக எடுத்துச் சோதித்தேன். சரியாக வந்தது. பிறகு மொத்தத்தையும் ஓடவிட்டேன்.

திரும்பவும் தேதிவாரியாக அடுக்கியபோது அந்த 7:42 வரிசை கலைந்து, வருடங்கள் பிரிந்து நின்றன. மகள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு முதன்முதலாக எழுந்து நின்ற படம் 2016 ஆகஸ்ட் 21, காலை 6:17 என்று இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கும் மனைவிக்கும் நன்றாக நினைவிருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். எந்த மென்பொருளும் எனக்கு அப்படியொரு நிம்மதியைக் கொடுத்ததில்லை.

இத்தனை நல்லது செய்த கருவியிடம் நான்கு வருடமாக எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. படத்துக்குள் எதை எழுதினாலும், தலைப்போ இடத்தின் பெயரோ எதுவானாலும், ஃபைலின் மாற்றிய தேதி அந்த நொடிக்கு மாறிவிடும். தேதியைக் காப்பாற்றத்தான் இதைத் தேடி வந்தோம், இதுவே தேதியை மாற்றுகிறது. தடுக்க வழி இருக்கிறது: கட்டளையில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'பி' (P) சேர்க்க வேண்டும். சின்ன எழுத்து 'பி' (p) போட்டால் அதற்கு அர்த்தமே வேறு. ஒருமுறை அந்தப் பெரிய எழுத்தை மறந்து ஒரு வருடப் படங்களுக்குத் தலைப்பு எழுதிவிட்டு, திரும்பவும் முதல் கட்டளையிலிருந்து ஆரம்பித்தேன். ஃபைல் மாறினால் மாற்றிய தேதியும் மாற வேண்டும் என்பது கணினி நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கருவியைத் தேடி வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த நியாயத்தைக் கேட்டு வருகிறார்கள்?

தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸில் ஃபைல் பெயரின் எழுத்துக்குறியீடு யூடிஎஃப்-8 என்று கட்டளையில் தனியாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று பதில் வரலாம்.

வீடியோ வேறு விதமான தலைவலி. எம்பி4 ஃபைல் தன் நேரத்தை 1904 ஜனவரி 1இலிருந்து எத்தனை நொடி என்று எண்ணி வைக்கிறது, அதுவும் உலகப் பொது நேரத்தில். கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பவர் விடியற்காலையில் எடுத்த வீடியோ முந்தின நாள் இரவுக்குப் போய்விடும். நாங்கள் ஊருக்குக் கிளம்பிய காலையில் அப்பா பெட்டியைத் தூக்கி வைக்கும் வீடியோ, கிளம்புவதற்கு முந்தின நாளில் போய் உட்கார்ந்திருந்தது. அதே காலையில் எடுத்த போட்டோக்கள் சரியான நாளில் இருந்தன. இதற்கும் எக்ஸிஃப்டூலில் ஒரு விருப்பம் உண்டு, குயிக்டைம்யூடிசி என்று பெயர். அதைச் சேர்த்தால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தருகிறது. ஆனால் சில கேமராக்கள் அந்த இடத்திலேயே உள்ளூர் நேரத்தை எழுதிவிடுகின்றன. அவற்றுக்கு இதைப் போட்டால் நேரம் இன்னும் தள்ளிப்போகும். ஆகவே கேமரா வாரியாகப் பிரித்துக்கொண்டு செய்யுங்கள்.

நண்பனின் லேப்டாப்பில் நானே உட்கார்ந்து ஓட்டிக் கொடுத்தேன். அவன் எடுத்த போட்டோக்கள் எல்லாம் சரியாகிவிட்டன. பாப்பா தன் பிறந்தநாளுக்கே திரும்பி வந்துவிட்டாள். அவன் கண் கலங்கியதைப் பார்த்த பிறகும், "நீயும் இதைப் போட்டுக்கொள்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனிமேல் சிங்திங் மாதிரி ஒன்றை வைத்துக்கொள் என்றேன். வைஃபையிலேயே ஃபோல்டரை ஒத்திசைக்கும், மாற்றிய தேதியையும் கூடவே கொண்டுவரும். அதுவும் வேண்டாமென்றால் போனிலேயே படங்களை ஒரு ஜிப் ஃபைலாகக் கட்டி, அந்த ஒரே ஃபைலைக் காப்பி செய்து கணினியில் பிரிக்கலாம், பெரும்பாலும் தேதி மாறாமல் வந்துவிடும். எப்படிச் செய்தாலும் 'கட்' செய்யாதே, காப்பி செய், தேதியைத் திறந்து பார், பிறகு போனில் அழி என்று மூன்று தடவை சொன்னேன்.

என் முடிவைக் கேட்டால், நான்கு வருடத்தில் என்னைக் கைவிடாத ஒரே மென்பொருள் இது, ஆனாலும் யாருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். குழந்தை எழுந்து நின்ற நாளைக் காப்பாற்ற ஒரு அப்பாவும் அம்மாவும் பெரிய 'பி', சின்ன 'பி' வித்தியாசம் படிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காப்பி என்றால் தேதியோடு காப்பி என்று இருந்திருந்தால் இந்தக் கருவியை நான் தேடியிருக்கவே மாட்டேன்.

எக்ஸிஃப்டூலாலும் ஆகாத ஒரு வகை இருக்கிறது, பிறர் அனுப்பிய படங்கள். செய்திச் செயலிகள் பலவும் படத்தைச் சுருக்கும்போது உள்தேதியைக் கழற்றிவிடுகின்றன. ஃபைல் பெயரில் தேதி இருந்தாலும் அது பெரும்பாலும் படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்லை. யாராவது படம் அனுப்புகிறேன் என்றால், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் பாட்டியின் கடைசி இரண்டு வருடப் படங்கள் முழுக்க இப்படி வந்தவைதான். சித்தி அனுப்பியவை. மொத்தம் 37. 'தேதி தெரியாதவை' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன். போன மாதம் சித்தியிடம் ஒரு படத்தைக் காட்டினேன். பாட்டி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் சாய்ந்திருக்கும் படம். "இது கண் ஆபரேஷன் கட்டு பிரிச்ச மறுநாள்டா" என்று சொல்லிவிட்டு, பீரோவிலிருந்து மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்து வந்தார். சீட்டில் இருந்த தேதியோடு ஒரு நாளைக் கூட்டி எழுதினேன். நேரம் அவருக்கும் நினைவில்லை, நண்பகல் 12 என்று வைத்தேன். பெரிய 'பி' போட மறக்கவில்லை.

இன்னும் 36 இருக்கின்றன. அடுத்த மாதம் சித்தி வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த ஃபோல்டரை எடுத்து வைக்க வேண்டும்.