கூரைக்குள் ஒன்று, கூடவே ஒன்று: ‘ஏலியன்: ஐசோலேஷ’னும் ‘தி திங்’கும்

இரண்டும் பழைய திகில் படங்களின் கதையைத் தொடரும் வீடியோ கேம்கள். 2014இல் வந்த ‘ஏலியன்: ஐசோலேஷ’னைக் கொண்டாடாதவர் குறைவு. 2002இல் கம்ப்யூட்டர் ஆர்ட்வொர்க்ஸ் உருவாக்கிய ‘தி திங்’கைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

ஐசோலேஷனில் எதிரி யாரென்பதில் குழப்பமே இல்லை: ஒரு வேற்றுக்கிரக மிருகம். அதைக் கொல்ல முடியாது, ஒளியத்தான் வேண்டும். கூரைத் துளையிலிருந்து எச்சில் ஒழுகினால் அதன் கீழே போகாதீர்கள். நெருப்பைக் கக்கும் ஃபிளேம்த்ரோயரைச் சின்னச் சின்னதாக அடித்தால் விரட்டலாம். அடிக்கடி செய்தால் பயம் தெளிந்து நெருங்கி வரும். சேவ் செய்யும்போதும் ஆட்டம் நிற்காது. கார்டைச் செருகி மூன்று விளக்கும் எரியும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சில விநாடிகளுக்கே காசு கொடுக்கலாம்.

‘தி திங்’கில் சிக்கல் வேறு. இங்கே வேற்றுக்கிரக உயிர் மனித உருவெடுத்து உங்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கலாம். அண்டார்டிகா முகாமுக்கு வரும் கேப்டன் பிளேக் நீங்கள். கூட வருபவர்களில் மருத்துவர் காயத்தைப் பார்ப்பார். நீங்கள் திறக்க முடியாத மின்பெட்டிகளை இன்ஜினியர் சரிசெய்வார். ஆனால் உங்களை நம்பினால்தான் சொல் கேட்பார்கள். துப்பாக்கியும் தோட்டாவும் கொடுத்தால் நம்பிக்கை ஏறும், தவறிப்போய் ஒரு குண்டு அவர்கள்மேல் பட்டால் இறங்கும். பிணமும் ரத்தமும் கிடக்கும் அறையில் நிறுத்திவைத்தால் நடுங்கி, வாந்தியெடுத்து, கண்டபடி சுட ஆரம்பிப்பார்கள். வெளியே இழுத்து வாருங்கள். அவசரமென்றால் அட்ரினலின் ஊசி.

அந்த உயிரின் பெரிய உருவங்களை முதலில் சுட்டுத் தளர்த்தி, பிறகுதான் கொளுத்த வேண்டும். நெருப்பை மட்டும் நம்பினால் எரிபொருள்தான் தீரும். எரியும் இடத்தில் நின்றால் உங்களுக்கும் அடி.

பெரிய குறை ஒன்று உண்டு. யார் எப்போது உருமாற வேண்டுமென்று பல இடங்களில் கேம் முன்பே முடிவுசெய்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையில் சுத்தமென்று வந்தவனே சற்று நேரத்தில் வெடித்துப் பிளப்பான். அதனால் பரிசோதனை ஊசியை அடுத்தவனைச் சோதிக்கச் செலவழிக்காதீர்கள். உங்களைச் சந்தேகிப்பவன் முன்னால் உங்கள் கையிலேயே குத்திக் காட்டுங்கள், அது உடனே பலிக்கும்.

பிற்பாதியில் மனிதப் படையினரைச் சுடுவதே வேலையாகிவிடும், அலுப்புதான். பயம் மட்டும் போதுமென்றால் ஐசோலேஷன். ஆனால் தோழன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும்போது வரும் தயக்கம் அதில் கிடைக்காது. ‘தி திங்’கை மெருகேற்றி நைட்டைவ் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ரீமாஸ்டர் இருக்கிறது. பழைய டிஸ்க்கைத் தேடி அலைய வேண்டாம்.