பழைய ரைடு: காட்சியை மாற்றுவதா, கதையையே மாற்றுவதா?

டிஸ்னிலேண்டிலேயே இரண்டுக்கும் உதாரணம் உண்டு. 1967-இல் திறந்த கடற்கொள்ளையர் படகுச் சவாரியில் பெண்களை ஏலம் விடும் காட்சி இருந்தது. 2018-இல் அது கொள்ளைப் பொருள் ஏலமானது. ஏலத்தில் நின்ற செம்பட்டை முடிக்காரி இப்போது துப்பாக்கியோடு நிற்கும் கொள்ளைக்காரி. நல்ல குறும்பு!

1989-இன் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர்ச் சவாரி 2023-இல் மூடப்பட்டு, மறுவருடம் ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்’ படத்தின் நாயகி டியானாவின் கதையோடு திரும்பியது. தண்ணீர்ப் பாதையும் கடைசிச் சரிவும் பழையவையே.

மூடல்: முதலாவதற்குச் சில வாரங்கள், இரண்டாவதற்கு ஒன்றரை வருடம்.

செலவு: முன்னதில் சில பொம்மைகள், பின்னதில் பாட்டு, பொம்மை, அலங்காரம் எல்லாமே புதிது.

பழைய ரசிகர்கள்: இரண்டிலும் முணுமுணுப்பார்கள்.

ஒரு காட்சிதான் உறுத்துகிறதென்றால் ஒட்டுவேலை போதும். கறுப்பினத்தவரைக் காட்டிய விதத்துக்காக விமர்சிக்கப்பட்ட ‘சாங் ஆஃப் தி சவுத்’ படத்திலிருந்து வந்த ஸ்பிளாஷ் போல மூலக்கதையே சிக்கலென்றால் இரண்டாவது வழிதான்.