வெர்மீரா, ஹால்ஸா? முகம் தீட்டப் பழக எதைப் படியெடுப்பது

எண்ணெய் வண்ணத்தில் முகம் பழக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அடுக்கடுக்காகக் கட்டுவது. டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணிப் பெண்' (சுமார் 1665, 44.5 × 39 செ.மீ.) அதற்குத் தோது. மற்றது, ஈரம் காயும் முன்பே முடிப்பது. அதற்கு இன்னொரு டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் 'ஜிப்சிப் பெண்' (சுமார் 1628). ஹால்ஸ் கண்ணுக்கு எளிது, கைக்கு வரமாட்டார்.

அடுக்கு முறையில் நிறத்தைத் தள்ளிவைக்கலாம். ரா அம்பரும் (பழுப்பு மண் நிறம்) வெள்ளையும் மட்டும் கொண்டு முகத்தின் ஒளி நிழலை முழுதாக முடியுங்கள். அம்பரிலுள்ள மாங்கனீசு எண்ணெயைச் சீக்கிரம் உலர்த்தும். மெல்லிய பூச்சு சில நாளில் காய்ந்து, தொட்டால் கையில் ஒட்டாது. ஐவரி கறுப்போ காய இழுத்தடிக்கும். அதன்மேல் பூசியது முந்தி இறுகி வெடிக்கும். அடிப்பூச்சைக் கொஞ்சம் டர்பன்டைனில் இளக்கினால் போதும். அது காய்ந்தபின் நிறத்தைக் கிளேஸாக, அதாவது அடி தெரியும் மெல்லிய பூச்சாக, ஏற்றுங்கள். கிளேஸுக்கு ஸ்டாண்ட் ஆயில் (காய்ச்சிக் கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்) 1 பங்கு, டர்பன்டைன் 2 பங்கு. கிளேஸ் எப்படியும் இருட்டாக்கும், ஆகவே அடிப்பூச்சு மூலத்தைவிட ஒரு படி வெளிறியே இருக்கட்டும். கிளேஸில் வெள்ளை கலந்தால் முகத்தில் சுண்ணாம்பு படிந்தாற்போல் ஆகிவிடும்.

வெர்மீர் கற்றுத்தருவது விளிம்பை. மூக்குத்தண்டுக்கும் ஒளிபட்ட கன்னத்துக்கும் இடையே கோடே கிடையாது. அங்கே கோடு போட்டால் முகம் பொம்மையாகும். முத்தும் மேலே ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே கழுத்துப்பட்டியின் மங்கலான பிரதிபலிப்பு, அவ்வளவுதான். பின்னணியை வெறும் கறுப்பாக அடிக்காதீர்கள். அது பச்சைத் திரையாக இருந்தது. அவுரியும் மஞ்சள் சாயமும் சேர்ந்த கிளேஸ் வெளிறிப்போனதை 2018 ஆய்வு காட்டியது.

ஹால்ஸுக்கு முன்தயாரிப்புதான் பாதி வேலை. தூரிகையை எடுக்குமுன் தோல் நிறத்தை ஐந்து குவியலாகக் கலந்துவையுங்கள்: இரண்டு நிழல், ஓர் இடைநிறம், இரண்டு ஒளி. நிழலை மெல்லிசாகப் பூசி, ஒளியைத் தடிப்பாக மேலே வையுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் தூரிகையைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் அடிநிறம் ஏறி மூன்றாம் இழுப்பிலேயே சேறாகும். இழுப்பு தவறினால் தேய்த்துச் சரிசெய்யாமல் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி வையுங்கள்.

எது உங்களுக்கு? உங்கள் பழைய முகப்படம் ஒன்றையும் அதன் மூலத்தையும் கறுப்பு-வெள்ளையாக்கி அருகருகே பாருங்கள். ஒளி நிழலே பொருந்தவில்லை என்றால் வெர்மீர்தான். பெரும்பாலோர் இங்கேதான் நிற்கிறார்கள். அது பொருந்தி, நிறம் மட்டும் கலங்கியிருந்தால் ஹால்ஸ். அப்போதும் முழுப்படம் வேண்டாம். சிரிக்கும் வாயும் கன்னமும் மட்டும், 20 செ.மீ. பலகையில், மூன்று தடவை.