பெரிய எழுத்துக்கென்று ஒரு பயிற்சி நூல்

ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைக் கேப்பிடல் எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே கற்பிக்கும் 64 பக்கப் பயிற்சி நூல் ஒன்றை, நான்காம் வகுப்பில் படிக்கும் மகளுக்காக வாங்கினேன். தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பிரிவே இல்லாததால், நம் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகவும் பொறுமையாகவும் கற்பிப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.

சொற்களை இணை இணையாக வைத்திருப்பதே நூலின் சிறப்பு. 'ரிவர்' என்று பொதுவாகச் சொன்னால் சிறிய எழுத்து. 'ரிவர் தேம்ஸ்' என்று ஓர் ஆற்றின் பெயரோடு சேர்ந்தால் அதே சொல்லுக்குக் கேப்பிடல். 'மதர்' என்ற சொல்லுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. அந்த இடத்தில் 'மேரி' என்ற பெயரை வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். வாக்கியம் பொருந்தினால் கேப்பிடல், 'மை மேரி' என்பதுபோல் இடறினால் சிறிய எழுத்து. என் மகள் இப்போது இந்தச் சோதனையைத் தானாகவே செய்து பார்க்கிறாள்.

கிழமைக்கும் மாதத்துக்கும் கேப்பிடல் உண்டு, 'சம்மர்', 'விண்டர்' போன்ற பருவங்களுக்கு இல்லை என்பதை நூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. இது அந்தந்த மொழியின் வழக்கம். பிரெஞ்சில் கிழமைகளைச் சிறிய எழுத்தில்தான் தொடங்குகிறார்கள், ஜெர்மனிலோ பெயர்ச்சொற்கள் அனைத்துக்கும் பெரிய எழுத்து. இதைச் சொல்லியிருந்தால் 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைக்கு விடை கிடைத்திருக்கும்.

பெரிய குறை வேறொன்று. கேப்பிடலை விட்டுவிடும் பிழைக்கே பயிற்சிகள் நிறைந்திருக்கின்றன. தேவையில்லாத இடத்தில் போடும் பிழையை நூல் கவனிக்கவில்லை. முக்கியமாகத் தோன்றும் 'ஸ்கூல்', 'மேங்கோ' போன்ற சொற்களுக்கெல்லாம் பிள்ளைகள் கேப்பிடல் போடுகிறார்கள். கடைப் பலகையிலும் பாட அட்டவணையிலும் முழுச் சொல்லையும் பெரிய எழுத்திலேயே பார்த்துப் பழகியவர்களுக்கு, வாக்கியத்தின் நடுவில் 'தமிழ்', 'இங்கிலீஷ்' ஆகிய மொழிப்பெயர்களுக்குக் கேப்பிடல் உண்டு, 'மேத்ஸ்', 'சயின்ஸ்' ஆகியவற்றுக்கு இல்லை என்பதை யாராவது சொல்லித்தர வேண்டாமா?

எடுத்துக்காட்டுகள் லண்டனையும் ஜானையும் தாண்டவில்லை. பெயருக்கு முன் இனிஷியல் எழுதும் நம் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது வருத்தமளிக்கிறது. தேம்ஸ் இருந்த இடத்தில் வைகையை எழுதியும், எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்து 'ஸ்ட்ரீட்' எப்போது கேப்பிடல் பெறும் என்று கேட்டும் நானே பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டேன்.

அருகில் அமர்ந்து சொல்லித்தர நேரமுள்ள பெற்றோர் தயங்காமல் வாங்கலாம். பிள்ளை தனியாகப் படிப்பதற்கு இந்த நூல் போதாது.