கண்ணாடி வைத்த கேமராவா, கண்ணாடி இல்லாததா?

கண்ணாடி வைத்தது டிஎஸ்எல்ஆர், இல்லாதது மிரர்லெஸ். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தால் எடையில் மிரர்லெஸ்தான் ஜெயிக்கும். பேட்டரி, கார்டு சேர்த்து மிரர்லெஸ்ஸான கேனான் ஆர்50 சுமார் 375 கிராம். டிஎஸ்எல்ஆரான நிக்கான் டி7500 720 கிராம். கிட்டத்தட்ட பாதி. ஆனால் பாடிதான் (லென்ஸ் இல்லாத கேமரா) இளைத்தது, லென்ஸ் இளைக்கவில்லை. பள்ளிக்கரணையில் பறவை எடுக்க நிக்கான் 200-500 மி.மீ. மாட்டினால் அது ஒன்றே 2.3 கிலோ. அப்புறம் பாடியில் மிச்சம் பிடித்த 345 கிராமை யார் கணக்கில் வைப்பது? மயிலாப்பூர் மாடவீதியில் சின்ன லென்ஸோடு நாள் முழுக்கச் சுற்றுகிறவருக்குத்தான் அந்த எடைக் குறைவு உண்மையிலேயே உதவும்.

எடையைவிடப் பெரிய வித்தியாசம் ஃபோகஸில் இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கண்ணாடி மேலே, நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குத் திருப்பும். அதன் பின்னால் இருக்கும் குட்டிக் கண்ணாடி ஒரு பங்கைக் கீழே ஃபோகஸ் சென்சாருக்கு அனுப்பும். படம் பதிவாவதோ பின்னால் இருக்கும் வேறொரு சென்சாரில். இந்த இரண்டு பாதைகளின் நீளமும் இம்மி பிசகினால் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதில் போய் உட்காரும். கேமராவோடு வரும் கிட் லென்ஸில் இது தெரியாது, 50 மி.மீ. லென்ஸின் துளையை எஃப் 1.8 வரை அகலமாகத் திறந்தால் தெரிந்துவிடும். சோதிக்க, ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு எடுக்க வேண்டும். பத்தும் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் கேமராதான் பிசகு. முன்னும் பின்னும் மாறி மாறி வந்தால் கை. டி7500-இல் இதை மெனுவிலேயே சரிசெய்யலாம். நிக்கான் டி5600-இலும் கேனான் 200டி-யிலும் அந்த வசதி இல்லை, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

மிரர்லெஸ்ஸில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் இந்தத் தொல்லையே கிடையாது. மணமேடையில் ஹோமப் புகைக்கு நடுவே பெண்ணின் கண்ணைக் கேமரா தானே பிடித்துத் தொடரும். டி5600-இல் 39 ஃபோகஸ் புள்ளிகளும் நடுப்பகுதியிலேயே குவிந்திருக்கும். ஓரத்து முகத்துக்கு ஃபோகஸ் வைத்துவிட்டுக் கேமராவை நகர்த்துவதற்குள் தலை அசைந்துவிடும்.

ஆனால் மண்டபத்துக்குள் மிரர்லெஸ்ஸுக்கும் சோதனை உண்டு. மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகிறது. எலெக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். அங்கே எலெக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். சாதாரண விளக்குகளில் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். மார்கழிக் கச்சேரியில் கதையே வேறு. ஆலாபனைக்கு நடுவே கண்ணாடி 'டக்'கென்று அடித்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். அங்கே சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர்தான் மரியாதை. முதலில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, பட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் பில் போடும் முன் கேமராவின் தலையைப் பாருங்கள். ஆர்50-இன் ஷூவில் (ஃபிளாஷ் மாட்டும் இடம்) ஃபிளாஷை அடிக்கச் சொல்லும் பழைய நடு முனை கிடையாது. ஏற்கனவே உள்ள ஃபிளாஷுக்கு ஏடி-ஈ1 என்ற அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். டிஎஸ்எல்ஆர் என்றால் தப்பித்தோம் என்றும் இல்லை, 200டி மார்க் 2-விலும் நடு முனையை எடுத்துவிட்டார்கள். ஸ்டுடியோ லைட் போட்டதும் மிரர்லெஸ் வியூஃபைண்டர் இருண்டுபோனால் கேமரா ரிப்பேர் இல்லை. செட்டிங்குக்கு ஏற்ப வெளிச்சத்தைக் காட்டும் எக்ஸ்போஷர் சிமுலேஷனை அணைத்தால் சரியாகிவிடும்.

பேட்டரியில் டிஎஸ்எல்ஆரை அசைக்க முடியாது. நிறுவனங்கள் தரும் கணக்கில் டி7500-க்கு ஒரு சார்ஜுக்கு 950 படம். வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் மிரர்லெஸ்ஸான சோனி ஏ6400-க்குச் சுமார் 360. கல்யாணத்துக்குக் கூடுதலாக இரண்டு பேட்டரி என்று கணக்கு வையுங்கள். வேடந்தாங்கலில் நாரை இறங்கும்வரை ஒரு மணி நேரம் கண்ணை வைத்துக் காத்திருந்தாலும் டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் மின்சாரம் தின்பதில்லை. அது வெறும் கண்ணாடிதானே.

காசிமேட்டிலோ மெரினாவிலோ லென்ஸ் மாற்றும்போது மிரர்லெஸ் சென்சார் பப்பரக்கா என்று திறந்து கிடக்கும். உப்புக் காற்று நேரே உள்ளே. ஆஃப் செய்து, கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள். சில கேனான் மாடல்களில் ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடிவைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால் லென்ஸில் பனி படிவது இரண்டுக்கும் பொது. ஏசிக்குள்ளேயே ஜிப் கவரில் போட்டுக் கொண்டுவந்து, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும்.

கையில் ஒரு லென்ஸும் இல்லாமல் புதிதாக ஆரம்பிப்பவர் மிரர்லெஸ்ஸே வாங்கலாம். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் எதையும் விடவில்லை. வீட்டில் கேனான் இஎஃப் (டிஎஸ்எல்ஆர்) லென்ஸ்கள் இருந்தால் அடாப்டர் போட்டு ஆட்டோ ஃபோகஸோடு ஓட்டலாம். நிக்கானில் கவனம் தேவை: பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைச் சுழற்றும் மோட்டார், அவற்றை மிரர்லெஸ்ஸில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பட்ஜெட் குறைவு, பகலில் பறவைதான் இலக்கு என்றால் செகண்ட் ஹேண்ட் டி7500-ஐ அடிக்க ஆளில்லை. ஷட்டர் கவுன்ட், அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்று கேளுங்கள்; அதன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸ் துளையை எஃப் 16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரியும், அதைத் துடைத்துவிடலாம். கடைசியாக, லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. விலையைப் பாதியாக்கினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.