தேஜஸ் கட்ட எந்த விளையாட்டு? சிம்பிள்பிளேன்ஸ், கெர்பல், ஃப்ளைஅவுட்

விமானம் கட்டும் விளையாட்டுகளில் இறங்கும் பலரும் முதலில் எஃப்-22 அல்லது எஸ்யூ-27 கட்டத்தான் ஆசைப்படுவார்கள். நான் இந்தியாவின் இலகு ரகப் போர்விமானமான தேஜஸை எடுத்துக்கொண்டேன். கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை; சூலூரில் விமானப்படையின் 45ஆம் ஸ்குவாட்ரன் அதைத்தான் ஓட்டுகிறது. ஆனால் ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. ஒரு விளையாட்டின் பறத்தல் இயற்பியல் எவ்வளவு ஆழமானது என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை விமானம் கிடைக்காது.

தேஜஸுக்குப் பின்னால் கிடைமட்ட வால் கிடையாது. மூக்கை ஏற்றுவது, இறக்குவது, உருட்டுவது எல்லாமே முக்கோண இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகைகளான எலிவான்களின் வேலை. சாதாரண விமானத்தைப்போல எடை மையத்தை முன்னாலும் தூக்குவிசை மையத்தைப் பின்னாலும் வைத்தால் அம்பு மாதிரி நேராகப் போகும், சரி. ஆனால் மூக்கைத் தூக்க எலிவான்களை மேல்நோக்கி மடக்க வேண்டும். மடக்கினால் இறக்கையின் தூக்குவிசை குறையும். அது அதிகமாகத் தேவைப்படும் அந்த நொடியிலேயே குறையும். அதனால் தேஜஸை வடிவமைத்தவர்கள் தூக்குவிசை மையத்தை எடை மையத்துக்கு முன்னால் தள்ளினார்கள். இப்படிப்பட்ட விமானத்தை மனிதக் கை தனியாகச் சமாளிக்க முடியாது; கணினி ஓயாமல் எலிவான்களைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டு விதிகளை எழுத 1992இல் பெங்களூரில் ஒரு தனிக்குழுவே அமைத்தார்கள். விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் தேஜஸை முதன்முதலாகப் பறக்கவிட்டது 2001 ஜனவரி 4 அன்று.

எனவே பார்க்க அசலைப்போல இருக்கிறதா என்பதோடு என் ஒப்பீடு நிற்காது. நிலையில்லாத ஒரு விமானத்தைக் கட்டி, அதை நிலைநிறுத்தும் கட்டுப்பாட்டையும் நானே அமைக்க முடிகிறதா என்பதே முக்கியம்.

சிம்பிள்பிளேன்ஸிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது போனிலும் ஓடும். உடற்பகுதிக் கட்டைகளை நீட்டி, குறுக்கி, மூலைகளை வளைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். எடை மையம், தூக்குவிசை மையம், உந்துவிசை மையம் மூன்றும் நிறப் பந்துகளாகத் தெரியும். முதல்முறை கட்டுபவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். இறக்கையில் மட்டும் ஒரு தந்திரம் இருக்கிறது. கைதேர்ந்தவர்கள் பலர் கண்ணுக்குத் தெரியும் இறக்கையை உடற்பகுதிக் கட்டைகளால் செய்துவிட்டு, தூக்குவிசை தரும் உண்மையான இறக்கையை அதற்குள் மறைத்து வைப்பார்கள். தேஜஸுக்கு இந்த வழிதான் சரி. அதன் இறக்கையின் முன்விளிம்பு உடலருகே 50 டிகிரி சாய்வு, வெளிப்பக்கம் 62.5 டிகிரி சாய்வு. நினைவிலிருந்து கட்டுபவர்கள் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். சாய்வு மாறிவிட்டால் அது தேஜஸே இல்லை.

இந்த விளையாட்டின் பெரிய பலம் ஃபங்கி ட்ரீஸ் என்ற சூத்திர வசதி. எலிவானை நேராகக் கட்டுப்பாட்டுக் குச்சியோடு இணைக்காமல், இப்போது மூக்கு திரும்பும் வேகத்தையும் தாக்குகோணத்தையும் (எதிர்வரும் காற்றோடு இறக்கை சாய்ந்திருக்கும் கோணம்) வைத்து ஒரு பிஐடி கணக்கு, அதாவது பிழையைப் பார்த்துப் பார்த்துத் திருத்தும் கணக்கு, எழுதலாம். குச்சியை இழுத்தால் எலிவான் இத்தனை டிகிரி மடங்கும் என்பது பழைய முறை. மூக்கு வினாடிக்கு இத்தனை டிகிரி எழ வேண்டும், எலிவான் அதற்கேற்பத் தன் வழியைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஃப்ளை-பை-வயர் முறை. தூக்குவிசைப் பந்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டு இதை எழுதிப் பாருங்கள். சூத்திரம் இல்லாமல் ஓடுபாதையை விட்டு எழுந்ததும் குட்டிக்கரணம் அடிக்கும் விமானம், சூத்திரம் போட்டதும் கைக்கு அடங்கும். ஒரு போனில் இதைச் செய்ய முடிகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

குறை என்னவென்றால், ஒலிவேகத்தைத் தாண்டுவது இதில் ஒரு நிகழ்வாகவே தெரியாது. உந்துவிசை இருந்தால் வேகமானி ஏறிக்கொண்டே போகும்.

அந்த இடத்தில்தான் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் வருகிறது. ராக்கெட் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஃபெராம் ஏரோஸ்பேஸ் ரிசர்ச், சுருக்கமாக ஃபார், என்ற மாட் (ரசிகர்கள் எழுதிய கூடுதல் நிரல்) சேர்த்த கெர்பலைத்தான் சொல்கிறேன். அது விமானத்தின் முழு உருவத்தையும் சிறுசிறு கனசதுரங்களாகப் பிரித்து, மூக்கிலிருந்து வால்வரை குறுக்குவெட்டுப் பரப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்து காட்டுகிறது. அந்தக் கோட்டில் திடீர் மேடு இருந்தால் ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவை எகிறும். இது 1950களின் பாடம். அமெரிக்காவின் எஃப்-102உம் வாலில்லாத முக்கோண இறக்கை விமானம்தான். 1953இல் பறந்த அதன் முதல் வடிவம் மட்டமாகப் பறக்கும்போது ஒலிவேகத்தைத் தாண்டவில்லை. ரிச்சர்ட் விட்காம் கண்டறிந்த பரப்பு விதிப்படி இடுப்பைக் குறுக்கிக் கட்டிய பிறகு, 1954இல் தாண்டியது. ஃபார் போட்ட கெர்பலில் இதே தவற்றைச் செய்து, இதே திருத்தத்தைச் செய்து, வித்தியாசத்தை வேகமானியில் பார்க்கலாம்.

ஃபார் நிலைத்தன்மை எண்களையும் பட்டியலிடும். சரியானது பச்சை, தவறானது சிவப்பு. தேஜஸுக்கு ஒலிவேகத்துக்குக் கீழே மேல்-கீழ் அசைவுக்கான எண் சிவப்பாகத்தான் வர வேண்டும். பச்சையாக்கத் துடிக்காதீர்கள். அதை அப்படியே விட்டு, அட்மாஸ்ஃபியர் ஆட்டோபைலட் என்ற இன்னொரு மாட் மூலம் நிலைநிறுத்துங்கள். தாக்குகோணத்துக்கும் ஜி விசைக்கும் வரம்பு வைக்கலாம். ஒன்றை மறக்கக் கூடாது. கெர்பலின் காக்பிட்டுகளுக்குள் விண்கலத்தைத் திருப்பும் சுழல்சக்கரம் மறைந்திருக்கிறது. அதை அணைக்காவிட்டால் விமானத்தைப் பிடித்து நிறுத்துவது எலிவானா சக்கரமா என்று சொல்ல முடியாது. சிறிய விமானங்கள் கெர்பலில் அற்புதமாகப் பறப்பதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சக்கரம்தான்.

எஞ்சினில் ஓர் இனிய பொருத்தம் உண்டு. தேஜஸில் இருப்பது ஜிஇ எஃப்404; கெர்பலின் ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் புகையில் கூடுதல் எரிபொருளை எரித்து விசை கூட்டும் பகுதி) எஞ்சினான பேந்தருக்குப் பெயர் ஜே-404. பேந்தர் நின்ற நிலையில் 85 கிலோநியூட்டன், ஆஃப்டர்பர்னரோடு 130. உந்துவிசை வரம்பை 65 சதவீதத்தில் வைத்தால் சுமார் 55, 85 என்று வரும். தேஜஸின் எஃப்404 தருவதும் ஏறக்குறைய அதேதான்.

அழகு விஷயத்தில் கெர்பல் பின்தங்குகிறது. 13.2 மீட்டர் நீளம், 8.2 மீட்டர் இறக்கை அகலம் என்று அளவை எட்டிவிடலாம், இறக்கையையும் புரொசீஜுரல் விங்ஸ் மாட் வைத்து நன்றாகவே செய்யலாம். ஆனால் ராக்கெட்டுக்காகச் செய்த உருளைகளிலிருந்து தேஜஸின் தோளும் காற்று நுழைவாய்களும் வராது.

உடலின் வளைவுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் ஃப்ளைஅவுட். 2023 இறுதியில் முன்னோட்டப் பதிப்பாக வெளிவந்த இதில் கட்டை அடுக்கும் வேலையே இல்லை. குறுக்குவெட்டின் வடிவத்தைப் பிடித்து இழுத்து, களிமண் பிசைவதுபோல உடலை உருவாக்கலாம். ஜெட் எஞ்சினையும் நீங்களே வடிவமைக்க வேண்டும் என்பதுதான் என்னை இதில் கட்டிப்போட்டது. கம்ப்ரசர், பைபாஸ், ஆஃப்டர்பர்னர் என்று முடிவெடுத்துக்கொண்டே போகும்போது, இத்தனை விசையை இத்தனை சிறிய விட்டத்துக்குள் அடக்குவது எவ்வளவு கடினம் என்று புரிகிறது. இந்தியாவின் காவேரி எஞ்சின் ஏன் தேஜஸுக்குள் போகவில்லை என்ற செய்தியை இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். நல்ல கணினி வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டோர்ம்வொர்க்ஸ் பற்றியும் கேட்பார்கள். எரிபொருள் குழாய், மின்சாரம், லுவா நிரல் என்று உள் அமைப்புகளைக் கட்டுவதில் அது ராஜா. காற்றியக்கம் எளிமையானது; கால் மீட்டர் கட்டைகளில் தேஜஸின் மெல்லிய இறக்கை வராது. மீட்பு ஹெலிகாப்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு கெர்பலும் ஃபாரும் சேர்ந்த கூட்டுக்கு. பார்ப்பவர் வியக்க ஃப்ளைஅவுட் போதும். ஆனால் விமானம் ஏன் அந்த வடிவில் இருக்கிறது என்று என்னிடம் கேள்வி கேட்டது கெர்பல்தான். கையில் போன் மட்டும் இருக்கிறதென்றால் தயங்காமல் சிம்பிள்பிளேன்ஸ் வாங்கி, முதல் வாரமே ஃபங்கி ட்ரீஸில் கை வையுங்கள். எதில் கட்டினாலும் மையங்களை எரிபொருள் நிரம்பிய நிலையில் ஒருமுறை, காலியான நிலையில் ஒருமுறை பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். புறப்படும்போது அடங்கிப் பறந்த தேஜஸ் தரையிறங்க வரும்போது வாலைத் தட்டினால், தொட்டி காலியாகி எடை மையம் பின்னால் நகர்ந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.