பழைய ஜாஸ் பேஸுக்குள் அகிலார் ஓபிபி-3: உடம்பில் கை வைக்காமல் மாற்றலாம்

1970களில் வந்த ஃபெண்டர் ஜாஸ் பேஸ் என்ற பேஸ் கிட்டாருக்கு அகிலார் ஓபிபி-3 ப்ரீஆம்ப் (பேட்டரியில் ஓடி, கிட்டாருக்குள்ளேயே ஓசையைத் திருத்தும் சிறு சுற்று) பொருந்துமா? பொருந்தும், நன்றாகவே பொருந்தும். கூடவே பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தமும் சுருளும்) மாற்ற வேண்டுமா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. இந்த வேலையில் கிட்டார் கெடுவது ப்ரீஆம்ப்பினால் அல்ல. அதை நுழைக்கும் அவசரத்தில் மரத்தைக் குடைவதும், ஒயர்களை ஒட்டியிருக்கும் பழைய சால்டரை (ஈயப் பற்று) உருக்கி எடுப்பதும்தான் கெடுக்கின்றன.

ஜாஸ் பேஸில் ப்ரீஆம்ப் போடுவது புது வழக்கமல்ல. 1979-ல் நியூயார்க்கில் பட்டறை தொடங்கிய ரோஜர் சடோவ்ஸ்கி இந்த மாற்றத்தால்தான் பெயர் பெற்றார். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸுக்குள் ப்ரீஆம்ப் வைத்ததும் அவரே. அன்று அது வெறும் பழைய கிட்டார். இன்று அதே வயதுக் கிட்டாரை வாங்க வருபவர் முதலில் கன்ட்ரோல் பிளேட்டை (குமிழ்கள் நிற்கும் தகடு) கழற்றி சால்டரைத்தான் பார்க்கிறார். குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற திருகும் மின்தடையின் முதுகில் 1377634 என்று இருந்தால் 137 சிடிஎஸ் நிறுவனம், 76 ஆண்டு, 34 வாரம். 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல். அந்த எண்ணும் யாரும் தொடாத சால்டரும்தான் கிட்டாரின் வயதுக்குச் சாட்சி.

எனவே பழைய பாட்களைக் கழற்றவே வேண்டாம். அதே அளவில் புதிதாக ஒரு கன்ட்ரோல் பிளேட் வாங்கி, புது ஒயரிங் முழுவதையும் அதன் மேலேயே மேசையில் வைத்துக் கட்டுங்கள். வாங்குமுன் ஸ்க்ரூ துளைகள் உங்கள் கிட்டாரோடு நேராக வருகின்றனவா என்று பழைய பிளேட்டை மேலே வைத்துப் பாருங்கள். மறுஉருவாக்கப் பிளேட்கள் எல்லாம் ஒரே அச்சு அல்ல. பழைய பிளேட்டிலிருந்து பிரிக்க வேண்டியவை பிக்கப் ஒயர்களும், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து வரும் கிரவுண்ட் ஒயரும் மட்டுமே. பாட், கப்பாசிட்டர், ஜாக் எல்லாம் இருந்தபடியே ஒரு பைக்குள் போகட்டும். பிளேட்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் பித்தளைத் தகடு இருந்தால் அதையும் அதே பையில் போட்டு வையுங்கள்.

எதையும் பிரிப்பதற்கு முன் பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து, ஒரு வால்யூமை முழுதும் ஏற்றி, மற்றதை முழுதும் இறக்குங்கள். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். பிக்கப்பின் சுருள் 7.5 கிலோ ஓம் இருந்தாலும் மீட்டர் சுமார் 7.1 என்றுதான் காட்டும். இரண்டு 250 கிலோ ஓம் பாட்களும் அதற்குப் பக்கவாட்டில் நிற்பதுதான் காரணம். பிக்கப் பலவீனமாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு வால்யூமும் முழுதாக இருந்தால் 3.6 அருகே வரும். ஒரு பிக்கப்பை மட்டும் திறந்த நிலையில் 125 கிலோ ஓம் வந்தால் அந்தச் சுருள் அறுந்திருக்கிறது, அல்லது அதன் ஒயர் எங்கோ விட்டிருக்கிறது. அறுந்த சுருளையும் மறுபடி சுற்றித் தரச் சொல்வதே நல்லது. பழைய காந்தமும் பாபினும் அப்படியே கிட்டாரில் இருக்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஃபெண்டரின் ப்யூர் வின்டேஜ் '74 ஜோடி அந்தக் காலத்து ஓசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. அல்னிகோ 5 காந்தம், ஒற்றைச் சுருள். பிரிட்ஜ் பிக்கப் கழுத்துப் பக்கத்து பிக்கப்பை விடச் சற்று நீளம், அதனால் ஒரே அளவில் இரண்டு வாங்கினால் ஒன்று குழியில் இறங்காது, அல்லது ஆடும். 70களின் கிட்டார்களில் பிரிட்ஜ் பிக்கப்பே பிரிட்ஜை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அந்தக் கூர்மையான ஓசையில் பாதி அந்த இடத்தால் வருவது. அதைப் பிக்கப் மாற்றிச் சரிசெய்யப் பார்ப்பது வீண் செலவு. அடியில் இருக்கும் ஸ்பான்ஜ் பொடிந்திருந்தால் புதிது வையுங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தபடி தடித்த கம்பிப் பக்கம் 3 மி.மீ., மெல்லிய கம்பிப் பக்கம் 2.4 மி.மீ. என்று தொடங்கி, காதை வைத்து இறக்கி ஏற்றலாம்.

இனி ப்ரீஆம்ப். ஓபிபி-3-ல் மூன்று கட்டுப்பாடுகள்: பேஸ் 40 ஹெர்ட்ஸ், மிட் 400 அல்லது 800 ஹெர்ட்ஸ், ட்ரெபிள் 6.5 கிலோ ஹெர்ட்ஸ். மூன்றையும் ஏற்றலாம், குறைக்கலாம். ஜாஸ் பேஸ் பிளேட்டில் பாட்டுக்கு மூன்று துளைகள்தான். அதனால் அடுக்கு பாட்டோடு (ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு குமிழ்) வரும் வகையை வாங்குங்கள்: முதல் துளையில் வால்யூம்-பிளெண்ட் அடுக்கு (பிளெண்ட் என்பது இரண்டு பிக்கப்பையும் கலக்கும் குமிழ்), இரண்டாவதில் பேஸ்-ட்ரெபிள் அடுக்கு, மூன்றாவதில் இழுத்து அழுத்தும் சுவிட்சோடு மிட். இழுக்கும் சுவிட்ச் பாட் உயரமானது. குழியின் ஆழத்தை அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிளெண்ட் பாட்டை வாங்கும்போது நடுவில் நிற்கும்போது இரண்டு பிக்கப்பும் முழுதாக வரும் வகையைக் கேளுங்கள். சாதாரண இரட்டை லீனியர் பாட்டைப் போட்டால் நடுவில் ஒலி சட்டென்று இறங்கும், ஜாஸ் பேஸை வாசிக்கும் இடமே அந்த நடுதான். பிக்கப், பிளெண்ட், வால்யூம், பிறகு ப்ரீஆம்ப்பின் உள்ளீடு என்பதே வரிசை. வால்யூம் ப்ரீஆம்ப்புக்கு முன்னால் வருவதால் 250 கிலோ ஓம் இருக்க வேண்டும். ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் வைக்கும் 25 கிலோ ஓம் பாட்டை இங்கே போட்டால் ட்ரெபிள் எல்லாம் உறிஞ்சப்பட்டு, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

ஜாக் ஸ்டீரியோவாக இருக்க வேண்டும், ஸ்விட்ச்கிராஃப்ட் 12பி போதும். முனையில் வெளியீடு, ரிங்கில் பேட்டரியின் கறுப்பு ஒயர், ஸ்லீவில் கிரவுண்ட். மோனோ கேபிளைச் செருகியதும் ரிங்கும் ஸ்லீவும் சேர்ந்து மின்சாரம் ஓடும், பிடுங்கினால் நிற்கும். கறுப்பு ஒயரை நேராகக் கிரவுண்டில் வைத்தாலும் கிட்டார் வேலை செய்யும் என்பதால் தவறு கண்ணில் படாது. பேட்டரி அடிக்கடி செத்துப் போகும்போதுதான் தெரியும்.

சால்டரிங் அயர்னில் மெல்லிய ஊசிமுனை வேண்டாம், பட்டை முனை போடுங்கள். 350 டிகிரியில் பாட்டின் முதுகைக் கொஞ்சம் சுரண்டிவிட்டு வைத்தால் மூன்று நான்கு நொடியில் சால்டர் பரவும். பத்து நொடி பிடித்தால் உள்ளே இருக்கும் தடம் வெந்துவிடும்.

இரைச்சலைத் தடுக்கக் குழிக்குச் செம்பு டேப் ஒட்டுபவர்கள் ஓர் இடத்தில் தவறாமல் மாட்டுகிறார்கள். மேசையில் எல்லாம் பாடும், பிளேட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கியதும் மௌனம். ப்ளக் உள்ளே போகும்போது ஜாக்கின் முனைத் தகடு வெளியே விரிந்து டேப்பைத் தொடுகிறது. அந்தப் பக்கச் சுவரில் மட்டும் டேப்பின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள்.

இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் அடி இல்லாமல் மூக்கால் பாடுவது போலக் கேட்டால் ஃபேஸ் (சிக்னல் ஏறி இறங்கும் திசை) எதிராக இருக்கிறது. ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயரை மட்டும் மாற்றிச் சால்டர் செய்யுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலந்து போடும்போது இது அடிக்கடி வரும். முள் மீட்டர் இருந்தால் முன்கூட்டியே பார்க்கலாம்: ஸ்க்ரூடிரைவரைக் காந்தத்தில் ஒட்டவைத்து வெடுக்கென்று இழுத்தால் இரண்டு பிக்கப்பிலும் முள் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஃபேஸ் சரியாக இருந்தும் இரண்டும் முழுதாக இருக்கும்போது ஹம் அடங்கவில்லை என்றால், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்றாக இல்லை. ஒயரை மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

9 வோல்ட் பேட்டரி 48.5 மி.மீ. நீளம், 17.5 மி.மீ. தடிமன். ஸ்பான்ஜில் சுற்றி, ஜாக் பக்கமாகப் படுக்க வைத்துப் பாருங்கள், மிகவும் நெருக்கம். இடம் போதவில்லை என்றால் பின்னால் குழி வெட்டச் சொல்லாதீர்கள், சிறிய ப்ரீஆம்ப்பைத் தேடுங்கள். 18 வோல்ட்டும் தரலாம் என்பது இதன் சிறப்பாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இரண்டாவது பேட்டரிக்கு இந்தக் குழியில் வழியில்லை. பழைய ஒற்றைச் சுருள் பிக்கப் தரும் மெல்லிய சிக்னலுக்கு 9 வோல்ட்டே தாராளம்.

ஓசையில் மிட் சுவிட்ச்தான் இந்த ப்ரீஆம்ப்பின் உயிர். 400-ல் ஏற்றினால் ஸ்வரத்துக்குச் சதை வரும், 800-ல் ஏற்றினால் டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவில் ஒவ்வொரு ஸ்வரமும் தனியாக எழும். பேஸ் குமிழைக் கொஞ்சமாகத் தொடுங்கள். திறந்த ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ், ஏற்றம் விழுவதோ 40-ல். பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றே இருக்கும் ஆம்ப்பில் பாதிக்கு மேல் திருப்பினால் கூம்பு அடித்துக்கொள்ளும். ட்ரெபிள் ஏற்றினால் விரல் உரசலும் ஒற்றைச் சுருளின் இரைச்சலும் சேர்ந்தே எழும்.

பெரிய இழப்பு பாசிவ் டோன் குமிழ், அதாவது பேட்டரி இல்லாமல் வேலை செய்யும் பழைய டோன் குமிழ். அதை மூடி வைத்து வரும் மந்தமான, உருண்ட ஓசையை ட்ரெபிளைக் குறைத்துக் கொண்டுவர முடியாது. அந்த ஓசையில் வாசிப்பவர்கள் இந்த மாற்றத்தைச் செய்யவே வேண்டாம். அடுக்குக் குமிழில் ஒன்றைத் திருப்பும்போது மற்றதும் நகர்வது மேடை இருட்டில் எரிச்சல்தான். ப்ரீஆம்ப்பைத் தாண்டிப் பிக்கப்பை நேராக ஜாக்குக்கு அனுப்பும் பைபாஸ் சுவிட்சுக்கும் தனித் துளை கிடையாது. மிட்டை 400-லோ 800-லோ நிலைநிறுத்திவிட்டு, அதன் சுவிட்சைப் பைபாஸுக்கு எடுத்துக்கொள்வதையே பரிந்துரைப்போம். பாடலின் நடுவில் பேட்டரி செத்தால், குமிழை ஓர் இழுப்பு இழுத்தால் போதும், ஆம்ப்பில் சத்தம் திரும்ப வந்துவிடும்.